கல்யாண வளவின் தரை

"வாங்க" என்றார் ஆட்டோக்காரர். திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. என்னைத்தான்.

எங்க ஊரில் "ஏறுங்கண்ணே" என்பார்கள். கோபம் வந்தால் "ஏறும்வே." கோயம்புத்தூர் ஸ்டேஷன் வாசலில் அவர், "உக்காருங்க, எங்கீங்க போகோணும், பையை இப்படிக் குடுங்க" என்று கேட்டது சம்பந்தி வீட்டுக்குள் நுழைகிற மாதிரி இருந்தது. வாடகையும் மரியாதையாகத்தான் கூடுதலாகக் கேட்டார். கொடுத்துவிட்டேன்.

எனக்கு உடன்குடி பக்கம் கடற்கரை ஊர். சின்னதாக ஸ்டுடியோ. கல்யாணம், சடங்கு, பாஸ்போர்ட் போட்டோ. படிப்பு எட்டாவதோடு சரி. வடக்கே மதுரை வரை வந்திருக்கிறேன். கோயம்புத்தூருக்கு வந்தது இதுதான் முதல் தடவை. அக்கா மகள் இசக்கி வரச் சொன்னாள். வந்தேன்.

இசக்கி இங்கே ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறாள். கூட வேலை பார்க்கிற பையன் கௌதம். அவனுக்கு வெள்ளகோவில் பக்கம். வேற ஆட்கள். ரெண்டு வீட்டிலும் முதலில் முடியாது என்றார்கள். அப்புறம் சரி என்றார்கள். அது பெரிய கதை. இங்கே வேண்டாம்.

இந்த ஊரில் டீ குடிக்க பேக்கரிக்குப் போகிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பன்னும் பப்ஸும் அடுக்கி வைத்து, அதற்கு முன்னால் நின்று டீ குடிக்கிறார்கள். அப்படி ஒரு பேக்கரியில் நிற்கச் சொல்லியிருந்தாள். நின்றேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவள் வருவது தெரிந்தது. கையில் போன் இருந்தது. வீடியோ எடுத்தேன். அக்காவுக்கு அனுப்பலாம் என்று.

அவளுக்குச் சின்ன வயசில் லாரி ஏறின கால். இடது காலில் தொடை வரைக்கும் இரும்புப் பட்டை. பட்டை கீழே பூட்ஸோடு சேர்ந்தது. பூட்ஸ் இல்லை என்றால் பட்டை நிற்காது. பட்டை இல்லை என்றால் அவள் நிற்க மாட்டாள். போட்டுக்கொண்டால் கம்பு கூட வேண்டாம். மெதுவாக வருவாள். நேராக வருவாள். பஸ்ஸெல்லாம் நின்றது. அவள் அவசரப்படவில்லை.

"என்ன மாமா, மீன் இல்லாம மூஞ்சி வாடிட்டு."

"இப்பத்தானே வந்தேன்."

"நாளைக்கு வாடும் பாருங்க."

டீ வந்தது. தேங்காய் பன் வந்தது. விஷயத்தைச் சொன்னாள்.

கல்யாணத்தை மாப்பிள்ளை வீட்டார் அவர்களுடைய வளவு வீட்டில்தான் வைப்பார்களாம். பழைய வீடு. பஞ்சு வியாபாரத்தில் கட்டினது. இப்போது யாரும் குடியில்லை. கல்யாணத்துக்கு மட்டும் திறக்கிறார்கள். சுற்று வட்டாரத்தில் வெளி ஆட்களும் கேட்டு வாங்கி அங்கே கல்யாணம் வைக்கிறார்களாம். ஆனால் அந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வருகிறவள் தாலி ஏறுகிற நாளுக்கு முன்னால் அந்த வாசலை மிதிக்கக் கூடாது. அது அவர்கள் வழக்கம். அதனால் இசக்கி பார்த்ததில்லை.

"கௌதம் போட்டோ காட்டினான் மாமா. எல்லாம் தூணு, விட்டம், கதவு. நான் என்ன தூணுலயா நடக்கப் போறேன்? நீங்க தரைய எடுத்துட்டு வாங்க. வாசல்ல இருந்து மணவறை வரைக்கும், ஒரு அடி விடாம."

"சரி."

"எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணுதான். நான் என் கால்ல போவ முடியுமா, முடியாதா. தூக்கிட்டுப் போறதா இருந்தா எனக்கு அந்தக் கல்யாணம் வேண்டாம். ரெஜிஸ்டர் ஆபீஸ்ல ஒரு கையெழுத்து. முடிஞ்சுது. அவன்கிட்டயும் சொல்லிட்டேன்."

கௌதம் அப்போது வந்து சேர்ந்தான். ஒல்லியான பையன். என் பையை வாங்கி அவன் தோளில் போட்டுக்கொண்டான். "எனக்கு எங்கனாலும் சரிங்க மாமா. அம்மாவுக்குத்தாங்க. அந்த ஊட்டுல நடக்காட்டி, கல்யாணமே நடக்காத மாதிரிங்க அவங்களுக்கு."

"அத்தைய விட்டுட்டு கட்டவும் எனக்கு இஷ்டம் இல்ல" என்றாள் இசக்கி. பன்னில் பாதியைப் பிய்த்து என் தட்டில் வைத்தாள்.

மத்தியானம் சிங்காநல்லூரில் பஸ் ஏற்றிவிட்டார்கள். பஸ்ஸில் பாட்டு கேட்டது என்று சொல்ல முடியாது. பாட்டுக்குள் பஸ் போனது. பல்லடம் தாண்டினதும் டயர் போனது.

எங்க ஊராக இருந்தால் டிரைவரின் அப்பா வரைக்கும் பேச்சு போயிருக்கும். இங்கே கண்டக்டர் எழுந்து நின்று, "ஏனுங்க, எல்லாரும் சித்த எறங்கிக்கிறீங்களா? வண்டிக்கு முடியலீங்க" என்றார். எல்லாரும் இறங்கினார்கள். ஒருத்தர் பஸ்ஸைச் சுற்றி வந்து டயரைப் பார்த்தார்.

"போன வாரமும் இதே டயருங்க. இதே எடமுங்க."

"எடம் புடிச்சுப்போச்சாட்ட இருக்குதுங்க" என்றார் கண்டக்டர்.

"ஒரு ஊடு கட்டிக் குடுத்துருங்க, பாவம்."

யாரும் சத்தமாகச் சிரிக்கவில்லை. நிழலில் நின்றார்கள். ரோட்டோரம் முழுக்கக் கோழிப் பண்ணைகள். அந்த வாடை எனக்குப் புதிசு. பக்கத்தில் நின்ற அம்மா ஊர் கேட்டார். சொன்னேன். "கருப்பட்டி ஊருங்களா" என்றார். பையில் சம்பந்தி வீட்டுக்குக் கருப்பட்டி இருந்தது. ஒன்றை எடுத்து நீட்டினேன். வேண்டாம் வேண்டாம் என்று நல்ல மரியாதையாகச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

காங்கேயம் தாண்டினால் பூமி மாறுகிறது. கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் நிலங்கள். நிலத்தைத்தான் இங்கே காடு என்கிறார்கள். வேலிக்குள் வெள்ளை மாடுகள். களங்களில் கொப்பரை காய்கிறது. காற்றாலைகள் சுற்றுகின்றன. காற்று எங்க ஊரிலும் உண்டு. அங்கே உப்பு இருக்கும். இங்கே தேங்காய் எண்ணெய் வாசம்.

கௌதமின் அம்மா பேர் சாந்தாமணி. ரோட்டுக்கே வந்து நின்றிருந்தார். "வாங்கண்ணா. வண்டி லேட்டுங்களா? கௌதம் போன் பண்ணிப்போட்டே இருந்தானுங்க." வீட்டுக்காரர் களத்தில் இருந்தார். மேகம் கட்டியிருந்தது. கொப்பரையை விட்டு நகர முடியாது. அங்கிருந்தே கையைத் தூக்கிக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். அந்த மூன்று நாளும் எங்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு.

ராத்திரிச் சாப்பாடு சந்தகை. இடியாப்பம் மாதிரி. ஆனால் அதைவிட மெல்லிசு. தேங்காய்ப் பால் ஊற்றி ஒரு தரம், எலுமிச்சை போட்டுத் தாளித்து ஒரு தரம். போதும் என்றேன். "அதெப்படிங்க போதும்" என்று வைத்தார். கையைத் தட்டின் மேல் வைத்து மறைத்தேன். "கையை எடுங்கண்ணா, சுட்டுப்போடும்" என்று வைத்தார். இந்தச் சீமையில் போதும் என்பதற்கு வார்த்தை இல்லை என்று புரிந்துகொண்டேன்.

மறுநாள் காலை சாந்தாமணி வளவு வீட்டுக்குக் கூட்டிப் போனார்.

சாவி சாந்தாமணியின் வீட்டுக்காரருக்கு அண்ணன் பழனிச்சாமியிடம். பெரியவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மீசையும் வெள்ளை. நான் வணக்கம் அண்ணாச்சி என்றேன்.

"அண்ணாச்சின்னா இங்க மளிகைக் கடைக்காரருங்க" என்றார். "பரவால்லீங்க தம்பி. பருப்பு வேணும்னா சொல்லுங்க."

கதவைத் திறந்தார். சத்தமே இல்லை. எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார்கள்.

நான் நிறைய மண்டபம் பார்த்திருக்கிறேன். எங்க பக்கம் மண்டபம் என்றால் டைல்ஸ், டியூப் லைட், பின்னால் ஜிகினாத் துணி. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டாம். நாம் கொண்டுபோவதுதான் வெளிச்சம். இந்த வீடு அப்படி இல்லை. வெளிச்சத்தை அவர்களே கட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே போனதும் ஒரு நடை. இருட்டு. அதைத் தாண்டினால் ஆசாரம். நம்ம பேச்சில் பெரிய கூடம். அதற்கு நடுவில் தொட்டி, பள்ளமான முற்றம். மேலே வானம் திறந்திருக்கிறது. வெயில் தொட்டிக்குள் இறங்கி, சிவப்புத் தரையில் பட்டு, சுவருக்கு ஏறுகிறது. சுவர் பழைய முட்டைப் பூச்சு. பளபளப்பு உண்டு, கண் கூசாது. ஆசாரத்தில் உட்காருகிறவர்கள் முகத்துக்கு வெளிச்சம் கீழேயிருந்து வரும். வயசானவர்களுக்குக் கூடக் கண்ணுக்குக் கீழே நிழல் விழாது. லைட்டே வேண்டாம். கட்டினவனுக்கு கேமராவைத் தெரிந்திருக்காது. ஆனாலும் அப்படித்தான் இருக்கிறது.

தொட்டியில் எந்தப் பக்கம் எப்போது வெயில் வரும் என்று கேட்டேன். முகூர்த்த நேரத்துக்கு மேற்குச் சுவரில் இருக்கும் என்றார் சாந்தாமணி. அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அங்கதாங்கண்ணா என்னை உக்கார வெச்சாங்க. கண்ணு நிமுந்து பாக்கவே முடியல. வெக்கம்னு நெனச்சுக்கிட்டாங்க எல்லாரும். வெயிலுங்க."

அப்புறம் நான் வந்த வேலையை ஆரம்பித்தேன். குனிந்தேன். வாசல் கல்லை எடுத்தேன். படிகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். நிலைப்படியை எடுத்தேன். நடையின் தரை. ஆசாரத்தின் தரை. தரையில் வெடிப்பு இருந்த இடம். தொட்டியின் விளிம்பு.

பழனிச்சாமி பின்னாலேயே வந்தார். கொஞ்ச நேரம் பொறுத்தார்.

"ஏனுங்க தம்பி, தரையவே எடுக்கறீங்க. தூணைப் பாருங்க. பர்மாத் தேக்குங்க. ரெண்டு பேரு கட்டிப் புடிச்சாலும் கை எட்டாதுங்க."

"எடுக்கிறேன் அண்ணாச்சி."

ஒரு தூணை எடுத்தேன். திரும்பவும் குனிந்தேன்.

தரை மோசமில்லை. மணவறை போடுவது ஆசாரத்தில்தான். தொட்டிக்குள் இறங்க வேண்டியதில்லை. நிலைப்படி தாண்டினால் அதுவரைக்கும் ஒரே மட்டம். வாசல் படியில் பிடித்து ஏற ஒன்றும் இல்லை. கேட்டேன். "மூங்கில் கட்டி உடறது ஒரு வேலைங்களா" என்றார் பழனிச்சாமி. கல்யாணத்துக்கு முதல் நாள் தரைக்குத் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைப்பார்களாம், மின்னுவதற்கு. அது மட்டும் வேண்டாம் என்றேன். "சரிங்க, இந்தத் தடவ மின்ன வேண்டாம்" என்றார்.

எனக்கு மனசு லேசாகிவிட்டது. வழி இருக்கிறது. இசக்கி நடந்து போவாள்.

அப்போதுதான் பழனிச்சாமி என்னைப் பக்கத்து அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். முகமெல்லாம் சிரிப்பு. ஒரு துணியை விலக்கினார். நாற்காலி. பழைய தேக்கு நாற்காலி. புதுசாக வார்னிஷ் அடித்து, ரெண்டு பக்கமும் தடி கோர்த்திருந்தார்கள். சிவப்பு வெல்வெட் தைத்திருந்தார்கள்.

"புள்ளைக்குங்க. யாருக்கும் சொல்லலீங்க. நம்ம பசங்க நாலு பேரு, வாசல்ல இருந்து அப்படியே தூக்கிட்டு வந்து மணவறையில எறக்கிப்போடுவாங்க. பூவெல்லாம் கட்டி, ராசாத்தியாட்ட."

தடியைத் தொட்டுப் பார்த்தேன். கைக்கு உறுத்தாமல் இழைத்திருந்தார்கள். நல்ல வேலை. மனசார செய்த வேலை. அதனால் சொல்வது கஷ்டமாக இருந்தது.

"அவ நடப்பா அண்ணாச்சி."

"நடப்பாளுங்க, நடப்பாளுங்க. எதுக்குங்க செரமம்."

"தரை மட்டமாத்தானே இருக்கு."

"அதுக்கில்லீங்க. கூட்டமா இருக்குமுங்க."

"ஒதுங்கிக்குவாங்க."

"ஒதுங்குவாங்க... சூடா இருக்குமுங்க. புள்ளை களைச்சுப் போயிருமுங்க."

இப்படியே கொஞ்ச நேரம் போனது. ஒவ்வொன்றுக்கும் அவர் என்னைவிட மரியாதையாக ஒரு காரணம் வைத்திருந்தார். கடைசியில் சாந்தாமணி தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"செருப்புங்கண்ணா. அந்த பூட்ஸ். இந்த நெலையத் தாண்டி இதுவரைக்கும் செருப்பு வந்ததில்லீங்க. வடக்கால சாமி அறை இருக்குதுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. சொல்ல வாயே வரலீங்க. அதுதான் மாமா நாற்காலி செஞ்சாரு." கணவனுக்கு அண்ணனை இங்கே மாமா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

எங்க ஊர்க் கோயிலில் இசக்கி வாசலோடு நின்று கும்பிடுவாள். எங்களுக்கு அது பழக்கம். இவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

மத்தியானம் அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்கின சோறு. மேலே நெய். பக்கத்தில் கத்தரிக்காய். எளிமையான சாப்பாடு. நன்றாக இருந்தது. எனக்குத்தான் இறங்கவில்லை. போன் அடித்தது. இசக்கி. எடுக்கவில்லை.

சாப்பிட்டுவிட்டு வேலையை முடிக்கலாம் என்று திரும்பவும் வளவுக்கு வந்தேன். சாந்தாமணி கூடவே வந்தார். வேறு என்ன செய்வது என்று தெரியாததால் மிச்ச இடங்களையும் எடுத்தேன். பந்தி போடும் கொட்டகை. பொண்ணு உட்காரும் அறை. பொடக்காலி. நம்ம பக்கம் புறவாசல் என்போம். கடைசியாகச் சாமி அறை.

"வெளக்க மட்டும் எடுக்காதீங்கண்ணா. மத்தது எடுங்க."

ஜன்னல் இல்லாத அறை. கண் பழக நேரம் ஆனது. கேமரா என் கண்ணைவிட முதலில் பார்த்துவிட்டது. பின்னால் சின்னத் திரையில் சுவர் தெரிந்தது. சுவரில் ஆணி. ஆணியில் ஒரு ஜோடி தோல் செருப்பு தொங்கியது. பெரிசு. ஒரு முழம் இருக்கும். குங்குமம் வைத்திருந்தார்கள்.

"இது என்னம்மா?"

"கருப்பராயனுக்குங்க. எங்க காட்டுல கோயில் இருக்குது. நோம்பிக்கு, திருவிழாவுக்குங்க, வருசா வருசம் புதுச் செருப்பு செஞ்சு வெப்போம். நோம்பி வரைக்கும் இங்கதான் இருக்குமுங்க. சாமி ராத்திரியில காவலுக்கு நடக்குறாருல்லீங்க."

"உள்ளே கொண்டு வந்திருக்கீங்களே."

"அது மண்ணுல படாததுங்க. மண்ணுல படாத வரைக்கும் அது செருப்பு இல்லீங்கண்ணா. காணிக்கை."

சொல்லிவிட்டு அவரே நின்றார். நானும் நின்றேன்.

"புள்ளைக்கும் புதுசா ஒரு ஜோடி செஞ்சா?" என்றேன். "வாசல்ல உக்காந்து, பட்டையக் கழட்டி அதுல மாட்டிக்குவா. உள்ள போட்டு உள்ளயே கழட்டிருவா. மண்ணு படாது."

சாந்தாமணி வெளியே போய் பழனிச்சாமியிடம் சொன்னார். அவர் மீசையைத் தடவினார்.

"சாமி செருப்பு வேறீங்க. மனுசன் மாட்டுன ஒடனே அது செருப்பு ஆகிப்போகுதுங்க."

"எப்ப ஆகுதுங்க மாமா? மாட்டுறப்பவா, மண்ணுல வெக்கறப்பவா?"

"அம்மணி, அதெல்லாம் நானு எப்படிச் சொல்றது. எங்கப்பனுக்கும் தெரியாது. கருப்பராயனத்தான் கேக்கோணும். நாளைக்குப் பூ கேட்டுப்போடலாம்."

பூ கேட்பது என்றால் என்ன என்று எனக்குச் சொன்னார்கள். சாமி மேல் பூ வைத்துக் கேள்வியைக் கேட்பார்கள். சாமியின் வலது பக்கம் பூ விழுந்தால் உத்தரவு. இடது பக்கம் விழுந்தால் இல்லை. பெண் எடுக்க, கிணறு வெட்ட, எல்லாவற்றுக்கும் கேட்பார்களாம். இசக்கியை எடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறார்கள். வலதில் விழுந்ததாம். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் சாந்தாமணி என்னிடம் வந்து, "புள்ளை எப்படீங்கண்ணா நடப்பா?" என்று கேட்டார். கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. நிச்சயத்துக்கு எங்க வீட்டுக்கு வந்தபோது இசக்கியை முதலிலேயே உட்கார வைத்துவிட்டோம். அவர்கள் கிளம்பும் வரை உட்கார்ந்தே இருந்தாள். இந்த அம்மா அவள் நடந்து பார்த்ததே இல்லை.

போனை எடுத்து பேக்கரி வீடியோவைப் போட்டுக் கொடுத்தேன். ரோடு. பஸ். நடுவில் இசக்கி. டக், டக். முடிந்ததும் சாந்தாமணி மறுபடி எப்படிப் போடுவது என்று கேட்டார். காட்டினேன். அடுப்பில் பால் பொங்கியது. அவர் எழுந்திருக்கவில்லை. நான்தான் போய் இறக்கினேன்.

"பஸ்ஸையே நிறுத்திப்போட்டாளுங்க" என்றார்.

மூன்றாம் நாள் காலை கோயில். கோயில் என்றால் கட்டடம் இல்லை. வேப்ப மரத்தடியில் கல். கல்லுக்குப் பக்கத்தில் வேல்கள். பழைய செருப்புகள் குவியலாகக் கிடந்தன, சாமி நடந்து தேய்ந்த மாதிரியே. கேமராவைப் பைக்குள் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன்.

பூசாரி நடுவயசுக்காரர். காட்டு வேலையிலிருந்து வந்த மாதிரி காலில் மண் இருந்தது. கல்லின் தலையில் செவ்வரளிப் பூ ஒன்றை வைத்தார். பழனிச்சாமி கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"கருப்பராயா. வளவுக்குள்ள செருப்பு வரலாமா? வரலாம்னா வலது பக்கம் குடு."

காத்திருந்தோம். மரத்தில் காக்கா உட்கார்ந்திருந்தது. நான் பூவையே பார்த்தேன். நிறையப் படத்துக்கு இப்படிக் காத்திருந்திருக்கிறேன். இது வேறு.

பூ விழுந்தது. இடது பக்கம்.

பழனிச்சாமி துண்டை எடுத்துத் தோளில் போட்டார். "சாமி சொல்லிப்போட்டாருங்க தம்பி. மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். அவருக்கே வருத்தமாக இருந்தது. முகத்தில் தெரிந்தது. நான் ரெஜிஸ்டர் ஆபீஸை நினைத்தேன். இசக்கியிடம் எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். பையைத் தூக்கினேன்.

"இருங்க" என்றார் சாந்தாமணி.

பூசாரியின் தட்டிலிருந்து அவரே ஒரு பூ எடுத்துக் கொடுத்தார். "வையுங்க."

"அம்மணி, ஒருக்கா கேட்டாச்சு" என்றார் பழனிச்சாமி. "மறுக்கா கேட்டா சாமிக்குக் கோவம் வரும்."

"நீங்க செருப்பு வரலாமான்னு கேட்டீங்க மாமா. அவரு வேண்டாம்னாரு. நாயந்தான். அவரு ஊட்டுல கண்டவன் செருப்பு எதுக்கு? நானு வேற கேக்கறேன்."

பூசாரி ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பூவை வைத்தார்.

சாந்தாமணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற குரலில்தான் பேசினார்.

"ஏனுங்க சாமி. எம்பட மருமக வாரா. லாரி ஏறுன காலு. அந்தக் கால்லயே நடந்து வாரா. உங்களுக்குக் காவலுக்கு நடக்கச் செருப்பு வேணும், நாங்க செஞ்சு குடுக்கறோம். அவளுக்கும் வேணும். நீங்க நடந்து பழகுனவருதான, உங்களுக்குத் தெரியும். அவ வரட்டுமா?"

காற்று இல்லை. பூ அப்படியே இருந்தது. பூசாரி கண்ணை மூடிக்கொண்டார். பழனிச்சாமி மரத்தைப் பார்த்தார். சாந்தாமணி மட்டும் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். காட்டுக்குள் எங்கேயோ டிராக்டர் ஓடி நின்றது. வெயில் ஏறியது. எனக்குக் கால் கடுத்தது. அவர் நகரவில்லை. உத்தரவு வாங்காமல் போக மாட்டார் என்று தெரிந்தது. சாமிக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பூ வலது பக்கம் விழுந்தது.

பழனிச்சாமி குனிந்து எடுத்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "நாற்காலிய என்ன பண்றதுங்க?" என்று கேட்டார்.

"நீங்க உக்காருங்க மாமா" என்றார் சாந்தாமணி. "நாலு பேரு தூக்கட்டும்."

பூசாரி சிரித்துவிட்டார். பழனிச்சாமியும் சிரித்தார். அப்புறம் யோசித்து, வாசலில் அதைப் போடலாம், புள்ளை உட்கார்ந்து செருப்பு மாற்றிக்கொள்ள வசதியாக இருக்கும், தடியை மட்டும் கழட்டிவிடலாம் என்றார். அது நல்ல யோசனை. அந்த இடத்தில் காலையில் வெளிச்சமும் இருக்கும்.

கிளம்பும்போது ஒப்புட்டு, அதாவது போளி, கட்டிக் கொடுத்தார்கள். நான் போதும் என்று சொல்லவில்லை. வெள்ளகோவில் பஸ் ஸ்டாப்பில் நின்று தரைப் படங்களை எல்லாம் இசக்கிக்கு அனுப்பினேன். அனுப்பி முடித்ததும் போன் வந்தது.

"பாத்துட்டேன் மாமா. தரை நல்லாத்தான் இருக்கு. ரெண்டு நாளா ஏன் போன எடுக்கல?"

சொன்னேன். நாற்காலியைச் சொன்னேன். பூட்ஸைச் சொன்னேன். பூ கேட்டதைச் சொன்னேன். எனக்கு இது நீளமான பேச்சு.

"வலது பக்கம் விழுந்துச்சா?"

"ஆமா."

"முதல் தடவையிலேயா?"

பஸ் வருவது தெரிந்தது. பொய் சொல்லத் தோணவில்லை.

"இல்ல. முதல்ல எடது பக்கம். அப்புறம் உங்க அத்தை கேட்டாங்க."

"என்ன கேட்டாங்க?"

நான் சாந்தாமணி கேட்டதை அப்படியே சொன்னேன். ஒரு வார்த்தை விடவில்லை.

லைன் போய்விட்டது என்று நினைத்தேன். பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இறங்கி, "ஏறிக்கிறீங்களா, இல்ல பேசிட்டு வாரீங்களா?" என்று கேட்டார். நின்றார்.

"மாமா" என்றாள் இசக்கி. "அத்தைக்கு போன் போட்டு, வாரேன்னு சொல்லுங்க. இல்ல, வேண்டாம். நானே சொல்லிக்கிடுதேன்."